சனிக்கிழமை குவார்ட்டர், ஞாயிற்றுக்கிழமை ஓட்டம்: பன்னிரண்டாவது கிலோமீட்டரில் ஏன் கண் இருட்டியது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

வயது 38. எடை 70 கிலோ. பம்ப்செட் பட்டறை ஒன்றில் மேற்பார்வையாளர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். இவருக்கும் சென்ற ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 'பார்டரில்' இருப்பதாகச் சொல்லி, மெட்ஃபார்மின் மாத்திரை ஒரு வேளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தொப்பையைக் குறைக்க நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, இப்போது அரை மாரத்தானுக்குத் தயாராகிறார். ஞாயிறு காலை ஐந்து மணிக்கு நண்பர்களோடு ரேஸ்கோர்ஸில் நீண்ட ஓட்டம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல் அதே நண்பர்களில் சிலரோடு குடி. பெரும்பாலும் ஒரு குவார்ட்டர் பிராந்தி, வெயில் காலத்தில் இரண்டு ஸ்ட்ராங் பீர். எடை ஏறக் கூடாது என்பதற்காக அன்று இரவு சோறு, இட்லி எதையும் தொடுவதில்லை. இரண்டு அவித்த முட்டை, கொஞ்சம் வேர்க்கடலை, அவ்வளவுதான். காலையில் சர்க்கரை போடாத வரக்காப்பி குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறார்.

மூன்று வாரங்களுக்கு முன்பு நடந்ததை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: "பன்னிரண்டாவது கிலோமீட்டரில் திடீரென்று உடம்பெல்லாம் சில்லென்று வேர்த்தது. நெஞ்சு படபடத்தது. ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது, கட்டலாம் என்று குனிந்தால் விரல் நடுங்கி முடிச்சு விழவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. நண்பர் ஒருவர் கடலை மிட்டாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து வாயில் போட்டார். இன்னொருவர் ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தார். பத்து, பதினைந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிட்டது."

அவருடைய கேள்விகள் இவை. குடித்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? மதுவிலும் கலோரி இருக்கிறதே, ஓடும்போது அது எரிபொருளாகப் பயன்படாதா? பீர் பார்லியிலிருந்து வருவதால் மறுநாள் ஓட்டத்துக்கு மாவுச்சத்து ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார்களே? பிராந்தியில் சர்க்கரையே இல்லை, முழுக்க அதற்கு மாறினால் தொப்பை இறங்குமா? ஓடி வேர்த்தால் மப்பு இறங்கிவிடுமா? எத்தனை மணி நேரம் இடைவெளி விட்டால் போதும்? கடைசி வரியில், "நான் குடிப்பதற்காகத்தான் ஓடுகிறேன் என்கிறாள் மனைவி" என்று முடித்திருக்கிறார்.

இனி உங்களிடமே பேசுகிறேன்.

எதையும் மறைக்காமல் மில்லி கணக்கு வரை எழுதியிருக்கிறீர்கள். என் எதிரில் உட்கார்ந்து "எப்பவாவது கொஞ்சம் டாக்டர்" என்று நிறுத்திக்கொள்பவர்கள்தான் அதிகம். அளவு தெரிந்ததால் என்னாலும் கணக்குப் போட்டுப் பதில் சொல்ல முடிகிறது.

அன்று காலை உங்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருக்க வாய்ப்பு மிக அதிகம். குளிர்ந்த வியர்வை, விரல் நடுக்கம், கண் இருட்டல், இனிப்பு உள்ளே போனதும் கால் மணி நேரத்தில் தெளிவு, எல்லாம் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன. யாரும் அந்த நேரத்தில் விரல் நுனியில் குத்திப் பார்க்கவில்லை என்பதால் நூறு சதவீதம் என்று சொல்ல மாட்டேன். நெஞ்சு படபடத்தது என்று எழுதியிருப்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அதிகமாகக் குடித்த மறுநாள் இதயத் துடிப்பு தாறுமாறாகும் நிலை ஒன்று உண்டு, நல்ல ஆரோக்கியமான இதயத்திலும் அது வரும். அதனால் இசிஜி எடுத்துப் பார்க்கும் வரை நீண்ட ஓட்டத்தை நிறுத்தி வையுங்கள். நடக்கலாம்.

கல்லீரலில் அன்று நடந்தது

நம் உடம்பு மாவுச்சத்தைச் சேமித்து வைக்கும், கொழுப்பைச் சேமித்து வைக்கும். மதுவைச் சேமிக்க அதற்கு இடமே கிடையாது. உள்ளே வந்த மதுவை உடனே எரித்துத் தீர்த்தாக வேண்டும், மற்ற வேலையெல்லாம் அப்புறம்தான். இந்த வேலை பெரும்பகுதி கல்லீரலின் தலையில் விழுகிறது. தசைக்கு மதுவை நேரடியாக எரிக்கும் திறன் கிட்டத்தட்ட இல்லை.

கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. இந்த இரண்டு படிகளுக்கும் என்ஏடி என்ற துணைப்பொருள் தேவை. காலை நேரத்து டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பால் கொதிக்கிறது, டிகாக்ஷன் தயார், வாசலில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆனால் கடையில் இருக்கிற கிளாஸ் எல்லாம் எச்சிலாகித் தொட்டியில் கிடக்கின்றன. மாஸ்டரால் டீ ஊற்ற முடியாது. என்ஏடி அந்தக் காலி கிளாஸ். மது வந்துவிட்டால் கல்லீரலில் உள்ள கிளாஸையெல்லாம் அதுவே பிடித்துக்கொள்கிறது. கொழுப்பை எரிக்கவும் காலி கிளாஸ் வேண்டும், புதிதாகச் சர்க்கரை செய்யவும் காலி கிளாஸ் வேண்டும். இரண்டும் தேங்கிவிடுகின்றன.

ஓடுகிறவருக்கு இது எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். ஓடும்போது தசை தன் கையிருப்புச் சர்க்கரையான கிளைகோஜனை எரிக்கிறது, கொழுப்பை எரிக்கிறது, ரத்தத்திலிருந்தும் சர்க்கரையை உறிஞ்சுகிறது. அப்படி உறிஞ்சுவதை ஈடுகட்டிக்கொண்டே இருப்பது கல்லீரல். தசைக்குள் இருக்கும் கையிருப்பு தசைக்கு மட்டும்தான் உதவும், அதிலிருந்து ஒரு கிராம் சர்க்கரைகூட ரத்தத்துக்குத் திரும்பி வந்து மூளைக்குக் கிடைக்காது. கல்லீரலின் கையிருப்போ நன்றாகச் சாப்பிட்ட ஆளுக்கே சுமார் 100 கிராம்தான். இரவு தூக்கத்தில் மூளையின் செலவுக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். அப்புறம் கல்லீரல் என்ன செய்யும்? தசை வெளியேற்றும் லாக்டேட்டையும், இன்னும் சில பொருட்களையும் எடுத்துப் புதிதாகச் சர்க்கரை செய்யும். மது அடைத்து வைப்பது சரியாக அந்த வழியைத்தான்.

உங்கள் சனிக்கிழமையை இதோடு சேர்த்துப் படியுங்கள். இரவு மாவுச்சத்தே இல்லை, அதனால் கையிருப்பு நிரம்பவில்லை. உள்ளே மது, அதனால் புதுச் சர்க்கரை செய்யும் வேலை மந்தம். போதாக்குறைக்கு மெட்ஃபார்மின். அதுவும் கல்லீரல் சர்க்கரை செய்வதைக் குறைக்கிற மாத்திரைதான். அதன் மேல் வெறும் வயிற்றில் பன்னிரண்டு கிலோமீட்டர். இத்தனையும் ஒரே காலையில் கூடியதுதான் அன்றைய பிரச்சினை. முந்தைய ஞாயிறுகளில் தப்பித்ததால், குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைத்துவிட்டீர்கள்.

1970-களில் ஸ்வீடனில், உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பவர்களுக்கு மது கொடுத்து, ரத்தக் குழாய்களிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கல்லீரல் ரத்தத்துக்கு விடும் சர்க்கரையும் குறைந்தது, கால் தசை எடுத்துக்கொண்ட சர்க்கரையும் குறைந்தது.

மது எரிபொருள்தானே என்கிறீர்கள்

இந்த நம்பிக்கை உங்களோடு தொடங்கியதில்லை. 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியில் பிராந்தியும், முட்டை வெள்ளைக் கருவும், ஸ்ட்ரிக்னைன் என்ற விஷமும் ஊட்டித்தான் ஓட வைத்தார்கள். முதலிடம் வந்தார், ஆனால் கோட்டைத் தாண்டியபோது தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலையில் இருந்தார்.

ஒரு கிராம் மதுவில் சுமார் 7 கலோரி இருப்பது உண்மைதான். மாவுச்சத்தில் 4, கொழுப்பில் 9. கல்லீரல் வெளியே விடும் அசிட்டேட்டை இதயமும் தசையும் எரிக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் கல்லீரலின் வேகம் கிட்டத்தட்ட மாறாதது. உங்கள் எடைக்கு மணிக்கு ஏறக்குறைய 7 கிராம், அதாவது 50 கலோரி. ஓடுவதற்கோ மணிக்கு 600 கலோரிக்கு மேல் வேண்டும். முழுவதும் ஓட்டத்துக்கே போனதாக வைத்துக்கொண்டாலும் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தச் சின்ன வரவுக்காகக் கொழுப்பு, சர்க்கரை என்ற இரண்டு பெரிய வரவுகளையும் அடைத்துவிடுகிறீர்கள்.

வேர்த்தால் இறங்கிவிடுமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மூச்சு, சிறுநீர், வியர்வை மூன்றின் வழியாகவும் சேர்ந்து வெளியேறுவது பத்து சதவீதத்துக்குள்தான். மீதியைக் கல்லீரல் தன் வேகத்தில் முடிக்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஓட்டமோ, காபியோ, குளிர்ந்த நீரில் குளிப்பதோ அதை விரட்டாது.

பீரா, பிராந்தியா?

இதில் பலருக்கு இருக்கும் தவறான எண்ணம் உங்களுக்கும் இருக்கிறது. பீர் லேசு, பிராந்தி கனம் என்று நினைக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். 180 மில்லி பிராந்தி, 42.8 சதவீதம் என்றால் உள்ளே போகும் சுத்த மது சுமார் 61 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் இரண்டு, லேபிளில் 8 சதவீதம் என்றால் சுமார் 82 கிராம். 'லேசான' நாளில்தான் நீங்கள் அதிகம் குடித்திருக்கிறீர்கள்.

பீரில் மாவுச்சத்து உண்டு, ஒரு பெரிய பாட்டிலுக்குச் சுமார் 20 கிராம். மூன்று இட்லி அதைவிட அதிகம் தரும், கல்லீரலையும் அடைக்காது. ஓட்டத்துக்கு முந்தைய இரவு மாவுச்சத்து ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் சரியானதே. அதைச் சோறாக, இட்லியாக, சப்பாத்தியாக ஏற்றுங்கள்.

பிராந்திக்கு மாறினால் தொப்பை இறங்காது. 1992-ல் சுவிட்சர்லாந்தில் ஆரோக்கியமான ஆண்களை ஒரு மூடிய அறையில் வைத்து, அவர்கள் மூச்சுக் காற்றை அளந்து, எந்தச் சத்து எவ்வளவு எரிகிறது என்று பார்த்தார்கள். நாளுக்கு 96 கிராம் மது கொடுத்தபோது கொழுப்பு எரிவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மது நேரடியாகக் கொழுப்பாக மாறுவது கொஞ்சம்தான். ஆனால் மது எரிந்து தீரும் வரை எரியாமல் நின்ற கொழுப்பு, பக்கத்தில் சாப்பிட்ட முட்டையின் கொழுப்பும் வேர்க்கடலையின் கொழுப்பும் சேர்ந்து, அப்படியே தங்கிவிடும். நீங்கள் இரவுச் சோற்றைத் தியாகம் செய்தீர்கள். தியாகம் செய்திருக்க வேண்டியது சோற்றை இல்லை, தம்பி.

ஓடி முடித்த பிறகு ஒரு பீர் என்ற பழக்கத்தையும் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். ஓட்டத்துக்குப் பின் தசை தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. 2014-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பயிற்சிக்குப் பின் நிறையக் குடித்தவர்களுக்குப் புரதம் கொடுத்தும்கூட தசைப் புரதம் உருவாவது 24 சதவீதம் குறைந்தது. சிறுநீர் அதிகம் போவதால் இழந்த நீர் திரும்பி வருவதும் தாமதமாகும். இளநீரோ, உப்புப் போட்ட மோரோ குடியுங்கள்.

எத்தனை மணி நேரம் இடைவெளி?

உங்கள் எண்களிலேயே சொல்கிறேன். 61 கிராமை மணிக்கு 7 கிராம் வீதம் எரிக்க எட்டே முக்கால் மணி நேரம் ஆகும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் காலை ஐந்தே முக்கால். அதாவது ஐந்து மணிக்கு நீங்கள் ஓட ஆரம்பித்தபோது கல்லீரல் இன்னும் பிராந்தியை முடிக்கவில்லை. இரண்டு பீர் குடித்த வாரங்களில் காலை எட்டரை தாண்டும். மது முழுவதும் போன பிறகும் தூக்கம் கெட்டிருக்கும், உடம்பில் நீர் குறைந்திருக்கும், கல்லீரல் கையிருப்பு நிரம்பியிருக்காது. ஆகவே நீண்ட ஓட்டத்துக்கு முன்பு குறைந்தது 24 மணி நேரம் ஒரு சொட்டும் வேண்டாம் என்பது என் அறிவுரை. பந்தயத்துக்கு முன்பு அந்த வாரம் முழுவதுமே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பீர் குடித்த மறுநாள் காலை நாலரைக்கு வண்டியை எடுக்கிறீர்கள். என் கணக்குப்படி அப்போது உங்கள் ரத்தத்தில் 100 மில்லிக்கு 60 மில்லிகிராம் அளவுக்கு மது இருக்கலாம். சட்டம் அனுமதிப்பது 30. முதல் முறை பிடிபட்டாலே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'நேற்று ராத்திரி குடித்தது' என்பது அங்கே பதிலாகாது. அபராதத்தைவிட எனக்குக் கவலை, இருட்டில் உங்கள் வண்டியும் எதிரே கோலம் போட வாசலுக்கு வரும் ஒரு பெண்மணியும்.

உங்கள் மனைவி சொன்னது

அவர் சொன்னதைத் திட்டு என்று ஒதுக்க வேண்டாம். ஓடுவதால் குடிக்கலாம் என்று நமக்கு நாமே அனுமதி கொடுத்துக்கொள்வது நான் அடிக்கடி பார்க்கிற விஷயம். நாங்கள் கேட்கும் நான்கு கேள்விகளை நீங்களே உங்களிடம் கேட்டுப் பாருங்கள். குடியைக் குறைக்க வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா? யாராவது அதைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்வு வந்ததா? காலையில் கண் விழித்ததும் குடிக்கத் தோன்றியதா? இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

உங்கள் கடிதப்படி வாரம் ஒருநாள்தான் அதிகம் குடிக்கிறீர்கள், ஆகவே முழுவதும் நிறுத்துவதில் ஆபத்து இல்லை. அன்றைய விரல் நடுக்கம் இனிப்பில் சரியானது. ஆனால் குடிக்காத நாட்களிலும் காலையில் கை நடுங்குகிறது என்றால், தினமும் குடிக்கும் உண்மை ஒன்று கடிதத்தில் விடுபட்டிருக்கிறது என்றால், திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அது வலிப்பு வரை கொண்டுபோகும். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

உங்கள் முன் இருக்கும் வழிகளில் முழுவதும் விடுவதையே நான் முதலில் வைப்பேன். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அப்பாவின் சர்க்கரையும் உங்கள் 'பார்டரும்' சேரும்போது அந்த வாக்கியம் உங்களுக்கு இன்னும் பொருந்தும். உடனே முடியாது என்றால், அடுத்த நாள் ஓட்டம் இல்லாத ஒரு நாளில், சாப்பாட்டோடு, 60 மில்லியில் நிறுத்துங்கள். சோற்றுக்குப் பதிலாகக் குடி என்ற ஏற்பாட்டை மட்டும் எந்த நிலையிலும் தொடராதீர்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

இசிஜி, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள். மாத்திரை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் நீங்கள் குடிக்கும் அளவை அப்படியே சொல்லுங்கள். மெட்ஃபார்மின் தனியாகச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அரிது. ஆனால் அதோடு மது அதிகமானால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் தேங்கும் ஆபத்து உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அப்பாவின் மாத்திரைப் பட்டையிலிருந்து ஒருநாள்கூட எடுத்துப் போடாதீர்கள். அதில் கிளிமிபிரைடு போன்றவை இருந்தால், மதுவோடு சேர்ந்து சர்க்கரையை மோசமாக இறக்கிவிடும். குடித்த மறுநாள் தலைவலிக்கு ஓட்டத்துக்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள்.

பரிசோதனை முடிந்து ஓட அனுமதி கிடைத்த பிறகு, ஓட்டத்துக்கு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். இடுப்புப் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். மறுபடி அந்தக் குளிர்ந்த வியர்வை தொடங்கினால் ஓடி முடித்துவிடலாம் என்று பார்க்காமல் அங்கேயே உட்காருங்கள். 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை, தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. கடலை மிட்டாயில் கடலையின் கொழுப்பு இருப்பதால் சர்க்கரை ரத்தத்தில் ஏறச் சற்று நேரம் பிடிக்கும், வேறெதுவும் இல்லாவிட்டால் மட்டும் அது. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிட வேண்டும் என்று, அன்று பாக்கெட்டைப் பல்லால் கிழித்த அந்த நண்பரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.